வண்டி நின்றால் வரும் ஆந்தை

9 ஜனவரி 1997
டாட்டி கடைக்குப் பின்னால், ஏரிக்கரை ரோடு

சோல்வே அக்கா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போடலாம் என்று நினைத்திருப்பாய். போடாதே. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. உதவி கேட்டும் எழுதவில்லை. ஆந்தை வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான்.

சாம்பல் ஆந்தை, பெரியது. கனடாப் பக்கம் எலி இல்லையாம், கூட்டமாகக் கீழே இறங்கிவிட்டன. வேலிக் கம்பத்துக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று டாட்டி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளக்கிறாள். அவ்வளவு இல்லை. ஆனால் நான் காலேஜில் ஸ்லைடு போட்டுப் பார்த்ததை இப்போது பால் வாங்கப் போகிற வழியில் பார்க்கிறேன். பரீட்சை எழுதாமல் எழுந்து வந்தவனுக்கு இது போதும்.

டுலூத்தில் பறவைக்காரர்கள் ஒரு போன் நம்பர் வைத்திருக்கிறார்களே, கூப்பிட்டால் எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று டேப் ஓடுமே, அதற்கு நான்தான் தகவல் கொடுத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், பச்சைத் தபால் பெட்டிக்கு எதிரே, பட்டுப்போன மரம். என் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். அதிலிருந்து ஒஹாயோ, டெக்சாஸ் என்று நம்பர் பிளேட்டுகள் வருகின்றன. அவர்களுக்குப் பனியில் வண்டி ஓட்ட வராது. நான் என் பிக்கப்பில் ஏற்றிப் போய்க் காட்டுகிறேன். இப்போதைக்கு இதுதான் வேலை.

பட்டுப்போன மரத்து ஆந்தைக்குச் சரியான பசி. கிறிஸ்துமஸுக்கு மழை பெய்து உறைந்ததில் பனியின் மேல்பக்கம் ஓடு கட்டிவிட்டது. அடியில் எலி ஓடுகிற சத்தம் அதற்குக் கேட்கிறது. மேலேயிருந்து பாய்ந்து விழுகிறது. ஓடு உடையவில்லை. முகமெல்லாம் பனியோடு எழுந்து மறுபடியும் மரத்துக்குப் போகிறது. பார்க்கவே முடியவில்லை.

பிராண்ட் என்று ஒரு போட்டோக்காரர். டப்பா நிறைய வெள்ளெலி கொண்டுவந்திருந்தார், செல்லப்பிராணிக் கடையில் பாம்புக்குத் தீனியாக விற்கிறார்களே, அது. வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி ஒன்றை நான் எறிந்தேன். அக்கா, இறக்கைச் சத்தமே இல்லை. அந்த மஞ்சள் கண் இரண்டும் என்னை நோக்கி நேராக வருகின்றன, பெரிதாகிக்கொண்டே வருகின்றன. என்னை நம்பி எதுவும் அப்படி வந்ததில்லை.

உனக்கு உடைந்ததுதான் பிடிக்கும் என்று உன் வாசலில் நின்று கத்தினேன். நீ மறந்திருக்கமாட்டாய். சரி, உடையாத ஒன்றைப் பார்க்க வா. டாட்டியின் சோபா காலியாக இருக்கிறது.

ஆர்னே

*

15 ஜனவரி
செயின்ட் பால்

ஆர்னே,

உன் கடிதம் குப்பைக்குப் போகவில்லை. என் மேஜையில் ஓர் எக்ஸ்ரே படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் இருப்பதும் சாம்பல் ஆந்தைதான். இரண்டு இறக்கையும் போய்விட்டன. வலியில்லாமல் போகட்டும் என்று நேற்றுக் காலை நான்தான் கடைசி ஊசி போட்டேன்.

நீ படிப்பை விட்டதற்காக நான் உன்னோடு பேசாமல் இருந்தது வேறு விஷயம். அதை இதோடு கலக்காதே. நீ என் வாசலில் சொன்னதும் வேறு விஷயம்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பறவை மருத்துவமனைக்கு வந்த ஆந்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே ரோட்டில் அடிபட்டவை. ஆந்தை முட்டாளாக இருந்தால் பரவாயில்லை. அது கற்றுக்கொள்கிறது. வண்டி வேகம் குறைகிறது, நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது, சாப்பாடு வருகிறது. இதைப் பசியோடு இருக்கும்போது கற்றுக்கொண்டால் அதற்கு மறக்காது. பிறகு அது காட்டைப் பார்த்து உட்காராது, ரோட்டைப் பார்த்து உட்காரும். ரோட்டின் குறுக்கே தாழப் பறக்கும். கட்டை ஏற்றி வரும் லாரிக்காரர் ஓர் ஆந்தைக்காக பிரேக் மிதித்தால் லாரியே கவிழ்ந்துவிடும். அவரையும் குறை சொல்ல முடியாது.

காலேஜில் மூன்றாவது வருடம் இதைச் சொல்லித் தருவார்கள். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

எறிந்தது ஒரே தடவைதானா? உண்மையை எழுது. அந்த டேப்பிலிருந்து இடத்தை எடுக்கச் சொல்.

சோல்வே

*

22 ஜனவரி

அக்கா,

ஒரு தடவை இல்லை. தினமும்.

திட்டுவதற்கு முன்னால் ஒன்றுக்குப் பதில் சொல். உன் ஆஸ்பத்திரியில் பசித்த ஆந்தைக்கு எலி கொடுத்தால் சிகிச்சை. நான் கொடுத்தால் கொலையா? அது சாகிறதைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்பதைத்தான் மூன்றாவது வருடம் சொல்லித் தருகிறார்களா?

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் என்ன ஆனது தெரியுமா? மறுநாள் அந்த வழியாகச் சும்மா போனேன், ஆள் யாரும் இல்லாமல். என் பிக்கப்பின் சத்தம் அதற்குத் தெரிகிறது. மரத்திலிருந்து இறங்கி வண்டிக்கு இணையாக, கதவுக்குப் பக்கத்திலேயே பறந்து வந்தது. நான் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. பாலம் வரைக்கும். எதிரே லாரி. ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். கடைசி நொடியில் எப்படியோ மேலே எழும்பியது. லாரி கிளப்பிய காற்றில் அது சுருண்டு பனியில் விழுந்து, எழுந்து, உதறிக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தது.

விரட்டித்தான் ஆக வேண்டும் என்று வண்டியை விட்டு இறங்கினேன். கத்தினேன். கையை வீசினேன். அசையவில்லை. பனியைப் பிடித்து உருண்டையாக்கி அதன் மேலே எறிந்தேன்.

அக்கா, அது அந்த உருண்டையைப் பாய்ந்து பிடித்தது.

வெள்ளையாக ஒன்று என் கையிலிருந்து பறந்து வந்தால் சாப்பாடு. நான்தானே சொல்லிக் கொடுத்தேன். நகத்தில் பனி நொறுங்கி உதிர்கிறது. அது குனிந்து பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. அடுத்ததற்குக் காத்திருக்கிறது. நான் இன்னும் வேகமாக எறிந்தேன், அடிபட்டால்கூடப் பரவாயில்லை என்று. ஒவ்வொன்றையும் பிடித்தது. ஒன்றைக்கூட விடவில்லை.

ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அது என் எதிரே கம்பத்தில் உட்கார்ந்திருந்தது.

என்ன செய்யட்டும், சொல். நீ சொன்னபடி செய்கிறேன்.

ஆர்னே

*

28 ஜனவரி

ஆர்னே,

உன் கேள்வியைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். கொடுத்தால் ரோட்டுக்கு வரும், கொடுக்காவிட்டால் பட்டினி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தால் நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன். கோபமாக எழுதுவது சுலபமாக இருந்தது.

பிடித்துக் கொண்டுவந்துவிடலாமா என்று எங்கள் தலைமை டாக்டர் பெக்கிடம் கேட்டேன். காயம் படாத பறவையைப் பிடிக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. "அடிபட்டா எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இடமில்லை, குளியலறைத் தொட்டிகளில்கூட ஆந்தை வைத்திருக்கிறோம்.

முதலில் ஆட்களை நிறுத்து. நீ நிறுத்திவிட்டாய், மற்றவர்கள்? அந்த பிராண்ட் நிறுத்தினாரா? முடிந்தால் லாரிகளை மெதுவாகப் போகச் சொல். மெதுவாக வரும் வண்டியில் அடிபட்டால் பிழைக்க வழியுண்டு.

சாப்பிடுகிறாயா? டாட்டியிடம் கேட்டதாகச் சொல். உன் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தது.

சோல்வே

*

3 பிப்ரவரி

அக்கா,

டேப்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், அன்றைக்கே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. பச்சைத் தபால் பெட்டி என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நேற்று அந்த இடத்தில் எட்டு வண்டி.

பிராண்டிடம் போய்ப் பேசினேன். எலி போடாதீர்கள், செத்துவிடும் என்றேன். அவர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நீதானே தம்பி டேப்ல சொன்ன?" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி லாரிகளை மெதுவாக்கப் போனேன். டாட்டியின் சிவப்பு மேஜைத் துணியைக் குச்சியில் கட்டி, வளைவில் நின்றுகொண்டு ஆட்டினேன். டாட்டி கதவில் சாய்ந்து நின்று, "ஆந்தைக்கு டிராபிக் போலீஸா? யூனிஃபார்ம் எப்ப தர்றாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு ஃபிளாஸ்க் காபியும் கொடுத்தாள்.

முதல் லாரி என் கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேகம் குறைந்ததும் ஆந்தை மரத்திலிருந்து இறங்கிவிட்டது. மெதுவாக வரும் வண்டி என்றால் சாப்பாட்டு வண்டி, அதுதானே அதற்குத் தெரியும்? நேராகப் போய் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி மேல் உட்கார்ந்தது. டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னப்பா, லிஃப்ட் கேக்குதா?" என்று தன் சாண்ட்விச்சிலிருந்து இறைச்சியைப் பிய்த்து நீட்டினார். வேண்டாம் என்று நான் ஓடுவதற்குள் நீட்டிவிட்டார்.

அக்கா, வேகமாக வந்தால் அடிபடும். மெதுவாக வந்தால் இன்னும் கற்றுக்கொள்ளும். கொடியை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அது இளைத்துவிட்டதா, இல்லை அப்படியேதான் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை, அத்தனை இறகு. நீ வா. அனுமதி கிடக்கட்டும். எனக்காக வரவேண்டாம்.

ஆர்னே

*

11 பிப்ரவரி

அன்புள்ள ஆர்னே,

உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் பனிக்காற்று, அதனால் வீடு வந்து சேர்ந்ததும் போன் செய்யவில்லை. மறுநாள் கடைக்குப் போன் செய்து டாட்டியிடம் சொல்லச் சொல்லியிருந்தேன், சொன்னாளா?

வண்டியில் நாம் எதுவுமே பேசிக்கொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் எதற்கு வந்தேன் என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. வலையில் பிடித்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, காதருகே தகரத்தைத் தட்டி, தண்ணீர் ஊற்றி, மனிதன் என்றாலே அதற்கு வெறுப்பு வரும்படி செய்து விட்டுவிடுவது என்று வந்தேன். சில இடங்களில் அப்படிச் செய்து பலன் கிடைத்திருக்கிறது. பதினோரு வருடமாகப் பறவைகளைத் துணியில் சுற்றிக் கிசுகிசுத்துப் பேசுகிறவள், அதைச் சித்திரவதை செய்ய அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தேன்.

பிடிப்பதில் கஷ்டமே இல்லை, நீ பார்த்தாயே. நீ வண்டியை நிறுத்தினாய், அது வந்தது. வலையைக்கூட ஆச்சரியமாகத்தான் பார்த்தது. தகரத்தை எடு என்று உன்னிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் விரல்கள் இறகுக்குள்ளே போயின. நெஞ்செலும்பு கத்தி மாதிரி இருந்தது, ஆர்னே. இரண்டு பக்கமும் சதையே இல்லை; படத்துக்காக அவர்கள் எறிகிற ஒன்றிரண்டு எலி அதற்குப் போதவில்லை. இவ்வளவு பெரிய பறவை, என் கையில் கம்பளித் தொப்பி கனம்கூட இல்லை.

அதனால்தான் பெட்டியில் வைத்து மூடினேன். பட்டினியால் மெலிந்தது நோயில் சேரும், கொண்டுவர அனுமதியுண்டு. டாக்டர் பெக் தராசைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். உன் எலிகள் இல்லாவிட்டால் அது ஜனவரியிலேயே செத்திருக்கும். நான் சொன்னதும் சரிதான். இதுவும் சரிதான்.

இன்று நாலு எலி தின்றது. கறுப்பு எலி.

சோல்வே

*

15 பிப்ரவரி

அக்கா,

டாட்டி சொன்னாள். கடையில் இருந்த எல்லாருக்கும் சொன்னாள். ஆந்தைக்கு ஆஸ்பத்திரியில் பெட் கிடைத்துவிட்டது, எனக்கு இடுப்பு வலிக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றாள்.

பட்டுப்போன மரத்தில் இப்போது ஒன்றும் இல்லை. போட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். பிராண்ட் போகும்போது எங்கே என்று கேட்டார். என் அக்காவிடம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒரு மாதத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். எப்போது விடலாம்? நான் வரவா?

ஆர்னே

*

5 மார்ச்

அன்புள்ள ஆர்னே,

தாமதத்துக்குக் காரணம் வேலை இல்லை. எழுத மனம் வரவில்லை.

அது நன்றாகத் தேறிவிட்டது. எடை சரி, இறக்கை சரி, பார்வை சரி. நீண்ட கூண்டில் பறக்க விட்டோம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்தமில்லாமல் போய் வருகிறது. இந்த வருடம் எங்களிடம் வந்ததில் இத்தனை முழுசாக ஒன்று தேறியதில்லை.

கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. துணி வெளுக்கிறவர்களின் வேன் காலையில் அந்த வழியாக வரும். வளைவில் வேகம் குறையும். குறைந்ததும் ஆந்தை பறந்து வந்து கம்பி வலையில் ஒட்டிக்கொள்கிறது. தபால் வண்டி வந்தாலும் அப்படித்தான். குப்பை லாரிக்கும் அப்படித்தான். தீனியைக் கண்ணில் படாமல் வைத்துப் பார்த்தோம், முகத்தை மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். மாறவே இல்லை. டாக்டர் பெக் நேற்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காட்டுப் பறவை இல்ல, சோல்வே. பார்க்கிங் பறவை." சிரிக்கவில்லை.

ரோட்டுக்குப் பழகியதை வெளியே விட மாட்டார். விட்டால் ஒரு வாரத்தில் உடைந்து இங்கேயே வரும், அதுவும் உயிரோடு இருந்தால். மிருகக்காட்சிசாலைகளைக் கேட்டேன். எல்லாரும் இந்த வருடம் ஆந்தை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒரு பெண் போனில் என்னிடம் மன்னிப்பே கேட்டாள். அடிபட்டவை, கூண்டு காலியாகட்டும் என்று வெளியே பெட்டிகளில் காத்திருக்கின்றன. அடுத்த திங்கட்கிழமை வரை கெடு. அதற்குப் பிறகு ஊசி. இங்கே ஊசி போடுவது யார் என்று உனக்குத் தெரியும்.

நான் இதுவரை எந்தப் பறவைக்காகவும் டாக்டர் பெக்கிடம் கெஞ்சியதில்லை. நேற்றுக் கெஞ்சினேன். ரோடே இல்லாத இடம் என்றால் ஒரே ஒரு தடவை விட்டுப் பார்க்கலாம் என்று சம்மதித்தார். மேப்பில் ரோடு இல்லாத இடம் நிறைய இருக்கிறது. மேப்பில் பார்த்தது வேண்டாம். நீ கால் வைத்துப் போன இடம் ஏதாவது உண்டா?

உண்டென்றால் சனிக்கிழமை டுலூத் பஸ் ஸ்டாண்டுக்கு வா. பெட்டியோடு நிற்பேன். என்னால் கூட வர முடியாது, இரவு முறை வேலை. நீ தனியாகத்தான் செய்ய வேண்டும். உன்னால் முடியும்.

அக்கா

*

10 மார்ச்

அக்கா,

பஸ் ஸ்டாண்டில் நீ பெட்டியைக் கொடுத்துவிட்டு என் காலரைச் சரிசெய்தாய். பேச வேண்டும் என்றுதான் வந்தேன். உன் பஸ் கிளம்பிவிட்டது.

பைப் ஏரிக்குக் கொண்டுபோனேன். போன வருடம் படிப்பை விட்டதும் ஒரு மாதம் காணாமல் போனேனே, அப்போது அங்கேதான் இருந்தேன். ரோடு முடிகிற இடத்தில் பிக்கப்பை விட்டுவிட்டு, பெட்டியைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அடிக்கடி நின்று காதை வைத்துக் கேட்டேன். நான் நிற்கும்போதெல்லாம் உள்ளே அசைந்தது. அதனால் நிற்காமலே போனேன்.

ஏரியின் வடக்கு ஓரம், ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த இடத்தில் கதவைத் திறந்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன், முகம் தெரியக் கூடாது என்று. அது வெளியே நடந்து வந்தது. ஒரு தடவை உதறிக்கொண்டது. பறந்து தாழ்வான கிளையில் உட்கார்ந்தது. என் பக்கம் திரும்பவில்லை. அக்கா, முதல் தடவையாக அது என்னைப் பார்க்கவில்லை. உனக்குப் புரியும், எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று.

இன்னும் கேள். அது தலையைச் சாய்த்தது. பனியைக் கேட்டது. வெயிலில் அந்த ஓடெல்லாம் இளகிவிட்டது. பாய்ந்தது. நெஞ்சு வரை பனிக்குள் போய்விட்டது. வெளியே வரும்போது அலகில் ஏதோ கறுப்பாக, தானே பிடித்தது. ஒரே விழுங்கு. நான் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், சத்தம் வரக் கூடாது என்று. உன்னை அப்போதே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அப்புறம் ஓர் எஞ்சின் சத்தம்.

ஏரியின் மறுபக்கம் ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள், புதிது. எனக்குத் தெரியாது. போன வருடம் இல்லை, சத்தியமாக இல்லை. அங்கேயிருந்து ஒருவர் பனிவண்டியில் மீன் பிடிக்க வருகிறார். ஏரியின் நடுவில் வேகத்தைக் குறைத்தார். எஞ்சினை நிறுத்தினார். பனிக்கட்டியில் ஓட்டை போட இறங்கினார்.

நான் எழுந்து ஓடினேன். ஆந்தை என் தலைக்கு மேலே போயிற்று. சத்தமே இல்லாமல்.

நான் போய்ச் சேர்வதற்குள் அது அவருடைய வண்டியின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், சர்ச்சில் நிற்கிற மாதிரி. "ஓடாத, மெதுவா வா தம்பி. கொஞ்சங்கூட பயமில்ல பாரு அதுக்கு" என்றார். விரட்டுங்கள் என்று கத்தினேன். கோட்டைக் கழற்றி வீசினேன். அது கோட்டைப் பார்த்தது, அப்புறம் என் கையைப் பார்த்தது. "ஏம்ப்பா வெரட்டுற? உனக்கு என்ன பண்ணிச்சு?" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டேப், எலி, லாரி, நீ, ஊசி எல்லாம். ஒன்றுவிடாமல். பொறுமையாகக் கேட்டார், அக்கா. நல்ல மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உன்னைப் பற்றிச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரிகிறது என்றார். கட்டாயம் எதுவும் கொடுக்க மாட்டேன், விடுதியில் மற்றவர்களிடமும் சொல்லிவைக்கிறேன் என்றார். எனக்குக் கை கொடுத்தார்.

அப்புறம் திரும்பி அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது, அந்த மஞ்சள் கண்ணால், நேராக. அந்த மனிதரின் முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் அந்த டாட்டி கடை ரோட்டில் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"பாவம், பசி போல இருக்கே" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அதனிடம் குனிந்து, மெதுவாக, "நாளைக்கு வர்றேன். ஏதாவது கொண்டுவர்றேன்" என்றார்.

ஆர்னே